சுண்ணாம்புக்காரத் தெருவில் நின்ற கால்கள்

ஆம்பூர் சுண்ணாம்புக்காரத் தெருவில் ஷமீமாவின் செருப்புக் கடைக்கு ஆர்டர் வந்தால் முதலில் கால்தான் வரும். கம்ப்யூட்டரில் மணி அடிப்பது, பேர் வருவது, ஊர் வருவது எல்லாம் அப்புறம். அதற்கு முன்னாலேயே தெருமுனைக் குழாயடியில் ஓர் ஈரக் காலடி பதியும், அதையடுத்து இன்னொன்று, அதையடுத்து இன்னொன்று என்று, நிறுத்தி வைத்த சைக்கிள்களைச் சுற்றிக்கொண்டு, நடுவழியில் படுத்துக் கிடக்கிற நாயைத் தாண்டி, கடையின் படியேறி, சிமெண்டுத் தரையைக் கடந்து, தோல் வெட்டும் மேசைக்கு எதிரில் வந்து இரண்டு பாதமும் சேர்ந்து நிற்கும். ஆள் இருக்காது. சேலத்திலோ சிங்கப்பூரிலோ ஒருவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி ‘வாங்குகிறேன்’ என்ற பொத்தானை அழுத்தியிருப்பார். அவருடைய கால் மட்டும் இங்கே வந்து நிற்கும். தோல் வெட்டுகிற தேவநேசன் அதன்மேல் ஒரு காகிதத்தைப் போட்டு ஒற்றியெடுத்து, பென்சிலால் ஓரம் வரைந்துகொள்வார். வரைந்து முடித்ததும் ஈரம் காய்ந்துவிடும்.

அந்தக் கடையில் ஆறு, ஏழு, எட்டு என்று சைஸ் கிடையாது. ஷமீமா முன்பு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள். இடதும் வலதும் ஒரு நூல் வித்தியாசப்பட்டாலும் கழித்துப் போடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒரு நாள் பஸ்ஸில் எதிர் சீட்டில் இருந்த பெண்ணொருத்தி சூம்பிய காலுக்குப் பெரிய செருப்பை மாட்டி, நழுவாமலிருக்க அதில் துணியைத் திணித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். மறுவாரம் வேலையை விட்டாள். இளம்பிள்ளை வாதம் வந்தவர்கள், சர்க்கரையில் விரலை எடுத்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் என்று காலுக்கொரு அளவாகப் போனவர்களுக்கென்றே கடை ஆரம்பித்தாள். சித்தப்பா மகன் அல்தாஃப் அதற்கொரு வெப்சைட் எழுதிக் கொடுத்தான். எங்கேயும் பார்த்து எழுதவில்லை, தன் மனசுக்குப் பட்டபடி எழுதினான். சைஸ் கேட்க வேண்டிய இடத்தில் அது, ‘உங்கள் இரண்டு காலும் ஒரே மாதிரியா?’ என்று கேட்கும். ‘எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பீர்கள்?’ என்று கேட்கும். ‘நடந்தால் எங்கே வலிக்கிறது?’ என்று கேட்கும். கடைசியில், செருப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியாக, ‘எங்கே நடந்து போக ஆசை?’ என்றும் கேட்கும். எழுதிக் கொடுத்துவிட்டு அல்தாஃப் ஆஸ்திரேலியாவுக்கு லாரி ஓட்டப் போய்விட்டான்.

கால்கள் வர ஆரம்பித்த புதிதில் தெரு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மைதான். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து குனிந்து பார்த்து, “வழியில நடக்கிறவங்களுக்கு இடம் விடுங்க, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார், இடம் விட்டுவிட்டார்கள். நகராட்சிப் பெண்கள் பெருக்கும்போது காலடிகளை விட்டுவிட்டுப் பெருக்கினார்கள். பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லாத ஊரில் இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்த டீக்கடை யாகூப் பாய் ஒரு நாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, ராமேஸ்வரத்து ஆர்டர் உப்புக் கரிக்கிறது என்றும், கனடா ஆர்டர் பல் கூசுகிறது என்றும் சொன்னார். அதற்கப்புறம் அதுவும் பழகிப்போனது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் பையனை ஒரு ஜோடி ஆர்டர் போடச் சொல்லிவிட்டுக் கடைவாசலில் வந்து நின்றார்கள். ஒரு பையனின் காலடி நேராக வராமல் இரண்டு பக்கச் சுவரிலும் மோதி மோதி வந்ததைப் பார்த்துச் சம்பந்தம் நின்றே போனது. எல்லோரையும்விட அந்தக் கடையை நம்பியிருந்தவர்கள் அரபு நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய அம்மாக்கள். போனில் குரல் வரும், வீடியோவில் முகம் வரும். ஆனால் பிள்ளை தெருமுனையில் திரும்பி நடந்து வருவது இங்கே மட்டும்தான் நடந்தது. பெருநாளுக்கு முந்தைய வாரம் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

வெப்சைட்டுக்கு வயசானது. முதலில் பக்கம் திறக்க நேரமானது. பிறகு படங்கள் வராமல் போயின. பிறகு பணம் கட்டுகிற இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிட ஆரம்பித்தது. அங்கே வட்டம் சுற்ற, இங்கே கால்கள் பாதி வழியில் நின்றன. ஒரு ஜோடி குழாயடியிலேயே நின்றது. ஒரு ஜோடி யாகூப் பாய் கடை பெஞ்சுக்கு அடியில் நின்றது. சில கால்கள் எட்டு வைக்கும்போதே நின்றுவிட்டதால் ஒற்றைக் காலாகத் தரையில் இருந்தன, மற்றது காற்றில் எங்கோ தூக்கிய நிலையில். நின்ற கால்கள் காயவில்லை. வெயிலிலும் ஈரமாகவே இருந்தன. நாளாக ஆகச் சிலவற்றின் ஓரத்தில் பாசிகூடப் பிடித்தது. ஸ்கூட்டர்கள் வளைந்து வளைந்து போயின. பந்து விளையாடிய பிள்ளைகள் அவற்றை வைத்து எல்லைக்கோடு போட்டுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு ஜோடி மட்டும் ஒரு காலையில் காய்ந்து கிடந்தது. அது நாக்பூரிலிருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவருடையது. ஷமீமா அவர் வீட்டுக்குப் போன் செய்தபோது, அன்று விடியற்காலையில்தான் இறந்தார் என்று மகள் அழுதுகொண்டே சொன்னாள். கடையிலிருந்து தெருவுக்கு இந்தச் செய்தி போக டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அதிலிருந்து தெருவில் யாரும் நின்ற கால்களை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து, பக்கத்திலிருக்கிற கால் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினார்கள்.

கடையின் முதல் படியில் நின்ற ஒற்றைக் கால் இம்தியாஸுடையது.

இம்தியாஸ், எதிர் வீட்டு பதூல் பீயின் ஒரே மகன். பதூல் பீ கம்பெனிகளிலிருந்து செருப்பின் மேல்தோல் வாங்கி வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கிறவள். அந்த ஊசியிலேயே அவனை வளர்த்தாள். அவன் அரபு நாட்டில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தான். ரமலானுக்குப் பிறகு போன் வரவில்லை. நம்பரும் மாறிவிட்டது. கூட இருந்த பையன்களைக் கேட்டால், “நல்லாத்தான் இருக்கான் அம்மி, வேற ரூமுக்குப் போய்ட்டான்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அப்புறம் ஒரு மதியம் கம்ப்யூட்டரில் அவன் பெயர் வந்தது, வட்டம் சுற்றியது, கடைப்படியில் அவனுடைய இடது கால் மட்டும் பதிந்து நின்றது. பெருவிரலுக்குப் பக்கத்தில் சின்ன வயசுத் தழும்பு தெளிவாக இருந்தது. பெயரைத் தவிர வேறு எதையும் சைட் காட்டவில்லை. ஆர்டர் முழுசாக உள்ளே வந்தால்தான் விலாசத்தையும் நம்பரையும் திறக்கும்படி அல்தாஃப் பூட்டி வைத்திருந்தான்.

பதூல் பீ அன்று முதல் தையல் வேலையைப் படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். தைக்கும்போதே, “எம்மாம் நேரம்டா ஒத்தைக் கால்ல நிப்பே? கால் கடுக்கும் பேட்டா. வலது காலையும் வச்சுடு” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கடைக்கு வருகிறவர்கள் படியை எட்டித் தாண்டி உள்ளே போனார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பணம் வாங்கிக் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து போன் வந்தது. ஷமீமாவின் சைட் மிகப் பழைய முறையில் எழுதப்பட்டது, இனி பாதுகாப்பில்லை, மாசக் கடைசியோடு இணைப்பை வெட்டிவிடுவோம், புதிசாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். கடை மூலையில் இருந்த சர்வர் மெஷினுக்கு இணைப்புக் கொடுத்தவர்களும் அதே தேதியையே சொன்னார்கள். ஷமீமா அல்தாஃபைக் கூப்பிட்டாள். லாரிச் சத்தத்துக்கு நடுவே அவன் அக்காவிடம் கத்தினான்: “ஆப்பா, சத்தியமா நான் இன்னா எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. முடிஞ்சா தொடாதீங்க.”

தொடாமல் இருக்க முடியாதென்று ஆனபின் காட்பாடியிலிருந்து யாமினி வந்தாள். வெப்சைட் எழுதுவதில் அந்தப் பக்கத்தில் பேர் வாங்கியவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேராகப் பேசுவாள். அவள் வந்து உட்கார்ந்த காலையில் திருச்சியிலிருந்து ஓர் ஆர்டர் நடந்து வந்து மேசைக்கு எதிரில் நின்றது. இடது பாதம் வலதில் பாதிதான் இருந்தது. யாமினி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வழிவிட்டாள். தேவநேசன் காகிதத்தில் ஒற்றியெடுப்பதைப் பார்த்தாள். பிறகு, “மேடம், இது பழைய சைட்ல எந்த இடத்துல எழுதியிருக்கு?” என்று கேட்டாள்.

“தெரியாது” என்றாள் ஷமீமா. “அதான் பயமா இருக்கு.”

“அப்ப எதையும் அடிக்காம பக்கத்துலயே புதுசு ஒண்ணு கட்டறேன். கட்டி, நடந்து பார்ப்போம்.”

கட்டினாள். எல்லாக் கடைகளும் இருக்கிற மாதிரி வெள்ளையாக, வேகமாக, விரல் வைத்தால் திறக்கிற கடை. அல்தாஃபின் வேண்டாத கேள்விகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சைஸ் பட்டியலை வைத்தாள். சோதனைக்கு ஷமீமாவின் தங்கையை வேலூரிலிருந்து ஆர்டர் போடச் சொன்னார்கள். வட்டம் சுற்றவில்லை, நிற்கவில்லை, நிமிஷத்தில் கால்கள் வந்துவிட்டன. தேவநேசன் குனிந்து பார்த்தவர் குனிந்தபடியே இருந்தார்.

“இன்னாம்மா இது. உன் தங்கச்சிக்கு இடது கால் வளைஞ்சிருக்குமே? இது இன்னா, சோப்புக் கட்டி மாதிரி?”

தேவநேசனின் மருமகனைப் போடச் சொன்னார்கள். யாகூப் பாயைப் போடச் சொன்னார்கள். சர்க்கரையில் இரண்டு விரல் போன யாகூப் பாய்க்குப் பத்து விரலும் வந்தன. மூன்று பேர் காலும் ஒரே கால். தழும்பில்லை, வளைவில்லை, இடதைக் கண்ணாடியில் பார்த்தால் வலது. முன்பு ஷமீமா கம்பெனியில் நின்று ‘சரி’ என்று முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்த மாதிரி ஒரே அச்சு. யாகூப் பாய் தன்னுடையதென்று வந்து நின்ற அந்த முழுக் கால்களை வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா நான் இல்ல.”

ஷமீமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. யாமினி கோபித்துக்கொள்ளவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தான் எடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். முதல் கேள்வியை வைத்ததும் இடதும் வலதும் வேறு வேறு ஆயின. இரண்டாவதை வைத்ததும் காலடிகளுக்கு நடை வந்தது. தங்கையின் கால் தெருமுனையில் ஒரு கணம் தயங்கி, எப்போதும் போல இடதை முதலில் எடுத்து வைத்தது. வலியைக் கேட்கிற கேள்வியை வைத்ததும் யாகூப் பாயின் இரண்டு விரல்கள் போய்விட்டன; அவர் பெருமூச்சு விட்டு டீ போடப் போனார். ஆனால் வந்த கால்களெல்லாம் காய்ந்த தூசியாக, சாம்பலில் வைத்த தடம் போலவே இருந்தன, தேவநேசன் காகிதத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. ‘எங்கே நடந்து போக ஆசை?’ என்பதையும் வைத்த பிறகுதான் ஈரம் வந்தது.

“இதுக்கு நான் எப்படி பில் போடறதுன்னு தெரியல மேடம்,” என்றாள் யாமினி. அவள் சிரித்து ஷமீமா பார்த்தது அப்போதுதான். சிரிப்பு நிலைக்கவில்லை. “இன்னொண்ணு இருக்கு. தெருவுல நிக்கறவங்க. பழைய சைட் ஆர்டர் போட வந்தவங்க கூடை எதையும் காலி பண்ணாது. பாதியில விட்டுட்டுப் போனா, வருஷக்கணக்கானாலும் காத்துக்கிட்டே இருக்கும். யாரும் அப்படி எழுத மாட்டாங்க. உங்க தம்பி எழுதியிருக்கார். இனிமே வர்றவங்களுக்கு நான் அதே மாதிரி எழுதிடுவேன். ஆனா இப்ப நிக்கறவங்க பணம் கட்டின மாதிரியும் இல்ல, கட்டாத மாதிரியும் இல்ல. அவங்களைப் புது சைட் ஏத்துக்காது.”

“ஏத்துக்கலன்னா?”

“பழைய சர்வரை அணைக்கும்போது அவங்களும் போயிடுவாங்க.”

படியில் உட்கார்ந்திருந்த பதூல் பீயின் ஊசி நின்றது. அவள் உள்ளே வரவில்லை, வாசலிலிருந்தே கேட்டாள். “ஷமீமா, உன் கடை, நீ மாத்திக்கோ, வேணாங்கல. நாக்பூர்க்காரர் காஞ்சாரு, இன்னா ஆச்சு? உன் டப்பாவை அணைச்சா என் புள்ள இன்னா ஆவான்?”

அணைப்பதால் கால் காய்கிறதா, காய்வதால் மனிதன் சாகிறானா, மனிதன் செத்துக் கால் காய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஹஜ்ரத்தைக் கேட்டார்கள், அவர், தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றார். தெரு இரண்டாகப் பிரிந்தது. யாரோ முகம் தெரியாதவர்களுக்காகக் கடையை மூடச் சொல்வதா என்றார்கள் சிலர். இத்தனை நாள் உன் வாசலில் நிற்கிறவன் எப்படி முகம் தெரியாதவன் ஆனான் என்றார்கள் மற்றவர்கள். மாசம் முடிய முடிய சர்வர் இன்னும் தளர்ந்தது; நின்ற கால்களின் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்தன. தெருவில் வாளியோடு ஓடினார்கள். ஊற்றிய தண்ணீர் காலடியைத் தொடாமல் விலகிச் சாக்கடைக்குப் போனது. இம்தியாஸின் குதிகால் ஓரத்தில் ஒரு நகத்தளவு காய்ந்திருப்பதை ஷமீமா கண்டாள். பதூல் பீ அதை முன்பே கண்டிருக்கிறாள் என்பது அவள் தன் துப்பட்டாவை அதற்கு நிழலாகப் பிடித்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

ஷமீமா உள்ளே போய் யாமினியிடம் கேட்டாள்: “பணம் வந்துடுச்சுன்னு நாமளே சொல்லிட்டா?”

“எத்தனை பேருக்கு?”

“எல்லாருக்கும்.”

“சொல்லலாம். உள்ள வந்துடுவாங்க. ஆனா வந்த ஆர்டர் ஆர்டர்தான் மேடம். செஞ்சு அனுப்பணும்.”

தேவநேசன் கத்தியைக் கீழே வைத்தார். “இன்னாம்மா பேசறே? அரை வருஷத் தோலு அது. பாதிப் பேரு வேற கடையில வாங்கிட்டிருப்பான். பாதிப் பேருக்கு நம்மள ஞாபகமே இருக்காது. அப்புறம் தையல்காரங்களுக்கு இன்னா குடுப்பே?”

“தெரியல அண்ணே.”

“தெரியலன்னு சொன்னா?”

“கம்பெனியில இருக்கும்போது எவ்வளவோ கழிச்சுப் போட்டிருக்கேன். அதெல்லாம் செருப்பு.” ஷமீமா வாசல் பக்கம் கை காட்டினாள். “வாசல்ல நிக்கிற காலைக் கழிச்சுப் போட எனக்கு வரலண்ணே. எனக்கு வரல.”

தேவநேசன் எழுந்து வெளியே போனார். தெருவில் நிற்கிற கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு குழாயடி வரை போய்த் திரும்பி வந்தார். “அந்த பெஞ்சுக்கடியில நிக்குதே, அதுக்குக் கணுக்கால் பட்டை வேணும்,” என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கா தூங்குகிற, வேறு ஆர்டர் அதிகம் வராத நேரம் அது. தெருவுக்குச் செய்தி தெரிந்திருந்தது. ஸ்கூட்டர்களையும் சைக்கிள்களையும் எடுத்து அடுத்த தெருவில் போட்டார்கள், நாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பிள்ளைகளை மாடிக்கு ஏற்றினார்கள், இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக நின்றுகொண்டார்கள். யாமினி முதல் பெயரைத் தொட்டாள். குழாயடியில் நின்ற ஜோடி, பாசியை உதறிக்கொண்டு, எவ்வளவோ நாள் உட்கார்ந்து எழுந்தவனைப் போல முதலில் தள்ளாடி, பின் நேராக, பின் வேகமாகத் தெருவைக் கடந்து படியேறி உள்ளே வந்து நின்றது. தேவநேசன் ஒற்றியெடுத்தார். அடுத்தது. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒன்று. அகல அகலமாக ஒன்று. இழுத்து இழுத்து ஒன்று. குதிகால் தரையில் படாமல் விரலாலேயே நடக்கிற ஒன்று. ஒற்றையாக நின்றவற்றில் காற்றில் தூக்கியிருந்த கால்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. இறங்கிய ஒவ்வொரு தடவையும் சுவரோரத்தில் யாராவது “மாஷா அல்லா” என்றார்கள், யாராவது “ஸ்தோத்திரம்” என்றார்கள்.

இம்தியாஸின் பெயர் பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது. யாமினி அதைத் தொட்டபோது சர்வர் நின்றுபோனது.

வட்டம்கூட இல்லை. வெறும் வெள்ளை. யாமினி எதையோ அடித்தாள், காத்திருந்தாள், மறுபடி அடித்தாள். வெளியே பதூல் பீ, “காயுது, காயுது” என்று சொல்வது கேட்டது. கத்தவில்லை, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள். ஷமீமா ஓடிப்போய்ப் பார்த்தாள். குதிகால் போய்விட்டிருந்தது. பாதத்தின் நடுவில் வெளுப்பு ஏறிக்கொண்டிருந்தது. பதூல் பீ குனிந்து வாயால் ஊதி வெயிலை விரட்டுகிறவளைப் போல ஊதிக்கொண்டிருந்தாள்.

“மெஷினை முழுசா அணைச்சுட்டு எழுப்பணும்,” என்று உள்ளிருந்து யாமினி சொன்னாள். “எழுந்தா எழும். எழலன்னா…”

“அணை,” என்றாள் ஷமீமா. அந்த ஒரு சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

பதூல் பீ நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் ஷமீமா படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதூல் பீ கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. ஐந்து விரல்களும் பெருவிரல் பக்கத்துத் தழும்பும் மட்டும் ஈரமாக மிஞ்சியிருந்தன. சிறுவிரல் போனது. அதற்கடுத்தது போனது.

உள்ளே மெஷின் உறுமியது.

படியில் ஈரம் பரவியது, விரலிலிருந்து குதிகாலுக்கு, பாத்திரத்தில் பால் பொங்கி வருவதைப் போல. முழுப் பாதமும் திரும்பியது. எல்லோரும் அந்த வலது கால் இறங்கப்போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இறங்கவில்லை. அதற்குப் பதிலாக, மேல்படியில் இரண்டு பக்கமும் ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக இரண்டு ஈரப் புள்ளிகள் பதிந்தன. அவற்றுக்கு நடுவே இடது கால் வந்து ஊன்றியது. மறுபடி இரண்டு புள்ளிகள். மறுபடி இடது கால். அப்படியே தரையைக் கடந்து, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, மேசைக்கு எதிரில் போய் நின்றது.

“வலது கால் எங்க?” என்றாள் பதூல் பீ. “தேவநேசா, வலது கால் எங்க?”

எத்தனையோ வருஷமாக அப்படிப்பட்ட தடங்களைப் பார்த்துப் பார்த்துச் செருப்பு வெட்டியவர், கையில் காகிதத்தோடு நின்றார். “அக்கா,” என்றார். “தம்பி கக்கத்துல கட்டை ஊனிக்கினு வருது அக்கா.”

அவள் உள்ளே வந்து அந்தத் தடத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் தழும்புக்கு மேலே, தொடாமல், விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் மணி அடித்தது. பூட்டு திறந்துகொண்டது. விலாசம் வந்தது, நம்பர் வந்தது, கேள்விகளுக்கு அவன் எழுதிய பதில்கள் வந்தன. ‘உங்கள் இரண்டு காலும் ஒரே மாதிரியா?’ என்பதற்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தான். ‘நடந்தால் எங்கே வலிக்கிறது?’ என்பதற்கு ‘இல்லாத காலில்’ என்று எழுதியிருந்தான். ஷமீமா மேற்கொண்டு படிக்கவில்லை. நம்பரைப் போட்டு, பேசுகிற சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, போனை பதூல் பீயின் மடியில் வைத்தாள்.

வெகுநேரம் மணி போனது.

“யாரு?” என்றது ஒரு குரல்.

“பேட்டா.”

“அம்மி, இப்பத்தான் மனசு வந்துச்சா?” என்று கேட்டு அவன் உடைந்தான். “வாயால சொல்ல வரல அம்மி. அதான் காலை அனுப்பினேன். நீங்க பார்ப்பீங்க, பார்த்துட்டு உடனே போன் பண்ணுவீங்கன்னு நம்பர் எல்லாம் எழுதி அனுப்பினேன். எம்மாம் நாளு போனையே பார்த்துக்கினு இருந்தேன். நீங்க பண்ணவே இல்ல. பார்த்தும் பேசாம விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்.”

ஷமீமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பாதிதான்டா வந்துச்சு,” என்றாள் பதூல் பீ. “படி வரைக்கும்தான் வந்துச்சு. நான் அங்கேயே உக்காந்துக்கினு இருந்தேன். ஒரு நாள்கூட விட்டுப் போகல.”

யாமினி எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டாள். தேவநேசன் குனிந்து, சத்தம் வராமல், அந்த ஒற்றைக் காலின்மேல் காகிதத்தைப் போட்டு ஒற்றினார். கட்டை ஊன்றிய இரண்டு புள்ளிகளையும் சேர்த்து வரைந்துகொண்டார்.

“தெருவுல யாராச்சும் பார்த்தாங்களா அம்மி?” என்று கேட்டான் இம்தியாஸ்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலில், ஜன்னலில், எதிர் மாடியில், சுவரோரத்தில் தெரு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. யாகூப் பாய் கையில் ஆறிப்போன டீயோடு நின்றார்.

“எல்லாரும் பார்த்துட்டாங்க,” என்றாள். “இனி மறைக்க ஒண்ணும் இல்ல. தெருமுனை வரைக்கும் ஆட்டோவுல வா. அதுக்கு மேல நடந்து வா. எம்மாம் நேரமானாலும் சரி, நாங்க நிக்கறோம்.”